மழைத்துளியும் இராடாரும்

இராடார் மழையை நேராக அளப்பதில்லை. அது செலுத்தும் மின்காந்த அலைகளுள், மழைத்துளிகள் சிதறித் திருப்பும் பகுதியையே அளக்கின்றது. அலைநீளத்தினும் மிகச் சிறிய துளிகளில், இவ்வெதிரொலி விட்டத்தின் ஆறாம் படியாகப் பெருகும். நீரின் அளவோ மூன்றாம் படியாகவே பெருகும். எனவே, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியில், 1 மில்லிமீட்டர்த் துளிகள் 8-இன் நீரே இருப்பினும், அது 64 துளிகளின் எதிரொலியைத் தரும்.

கானடாவின் மக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மார்ஷலும் பால்மரும், சாயமிட்ட வடிதாளில் துளிகளை ஏந்தி, கறையின் அளவைக் கொண்டு துளியின் அளவைக் கணித்தனர். 1948ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு, எதிரொலியிலிருந்து மழையளவை மதிப்பிட வழி வகுத்தது.

ஆயினும், துளிகளின் பரவல் மழைக்கு மழை வேறுபடும். ஆகவே, இராடார் மதிப்பீடு தரையிலுள்ள மழைமானியோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகின்றது. மழைமானியைப் பிழையின்றிப் படித்தெழுதிய குறிப்பு, வெள்ள எச்சரிக்கைக்கு இன்றும் துணையாகும்.