காப்புநகல் பாதியில் நின்றால்: பழுதான செக்டார்கள் தரும் எச்சரிக்கை

மார்ச் 31 நிதியாண்டு நிறைவுறும் நாள். அதே நாள் உலகக் காப்புநகல் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. சிறுதொழில் புரிவோர் பலரின் விற்பனைப் பில்கள், சரக்கிருப்பு விவரங்கள், டேலி கணக்குகள் ஆகியவை இன்று ஒரே கணினியின் ஹார்டு டிஸ்க்கில் உள்ளன. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கேடுகளை அதற்கான ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்தல் வேண்டும். கணக்கு அறிக்கையை வங்கியிடம் மீண்டும் கேட்டுப் பெறலாம். நம் சொந்தப் பேரேட்டை அவ்வாறு பெற இயலாது. எனவே, காப்புநகல் எடுக்கும் பணி பிழைச் செய்தியுடன் பாதியில் நின்றால் அதனை அலட்சியம் செய்தல் கூடாது.

பிழை எவ்வாறு நேர்கிறது?

ஹார்டு டிஸ்க் தன் தரவுகளைச் செக்டார் எனப்படும் சிறு பகுதிகளில் பதிவு செய்கிறது. பழைய வட்டுகளில் ஒரு செக்டார் 512 பைட்டுகள். புதியவற்றுள் பெரும்பாலானவற்றில் 4,096 பைட்டுகள். ஒரு செக்டாரைப் பலமுறை முயன்றும் படிக்க இயலாதபோது வட்டு பிழையை அறிவிக்கிறது. காப்புநகல் மென்பொருளும் நின்றுவிடுகிறது. அன்றாடப் பணிகள் வட்டின் சில பகுதிகளையே தொடுகின்றன. முழுக் காப்புநகலோ தரவு உள்ள இடம் முழுவதையும் படிக்கிறது. கணினி நன்றாக இயங்குவதுபோல் தோன்றினும் காப்புநகல் மட்டும் தோல்வியுறுவது இதனால்தான்.

எந்த வட்டில் பழுது?

கோளாறு கணினியின் வட்டிலும் இருக்கலாம். நகல் எழுதப்படும் வெளிவட்டிலும் இருக்கலாம். வேறொரு வெளிவட்டை இணைத்து முயலும்போது அதே இடத்தில் மீண்டும் தடைபட்டால், கணினியின் வட்டையே ஐயுற வேண்டும். விண்டோஸ் கணினியில் 'ஈவென்ட் வியூவர்' பகுதியின் 'சிஸ்டம்' பதிவுகளைப் பார்க்கலாம். அங்கு 'டிஸ்க்' என்னும் பெயரில் 7 எண்ணுள்ள பதிவு காணப்பட்டால், அது பழுதான பகுதியைக் குறிக்கும். அப்பதிவிலுள்ள வட்டு எண்ணை 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியோடு ஒப்பிட்டால் எந்த வட்டு என்பது தெளிவாகும்.

செயல்களின் வரிசை

முதலில் மீட்பு, பின்னரே பழுதுநீக்கம் என்பதே நாம் மனத்தில் கொள்ள வேண்டிய விதி.

1. காப்புநகலை மீண்டும் மீண்டும் முயல்வதை நிறுத்துக. ஏற்கெனவே உள்ள பழைய நகலை அழிக்கவோ அதன்மேல் எழுதவோ வேண்டாம்.

2. கணக்குக் கோப்புகளை முதலில் நல்ல வட்டொன்றுக்குப் படியெடுக்க. படிக்க இயலாத கோப்பைத் தவிர்த்து அடுத்ததற்குச் செல்க. வட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுந்தால் கணினியை உடனே அணைத்துத் தரவு மீட்பு வல்லுநரை நாடுக.

3. அதன் பின்னரே 'செக் டிஸ்க்' கட்டளையை 'ஆர்' தெரிவுடன் இயக்குக. இது வட்டு முழுவதையும் படித்து, பழுதான பகுதிகளை இனிப் பயன்படுத்தாதவாறு குறித்துவைக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். நலிந்த வட்டுக்கு இது பெருஞ்சுமை. ஆகவேதான் இதனை முதலில் செய்தல் ஆகாது. பழுதான இடத்திலிருந்த கோப்பு முழுமையாக மீளும் என்னும் உறுதியும் இல்லை.

4. வட்டின் 'ஸ்மார்ட்' விவரங்களில் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கையையும் நிலுவையிலுள்ள செக்டார்களின் எண்ணிக்கையையும் குறித்துவைக்க. சில நாள்களில் அவை உயர்ந்தால் வட்டை மாற்றுவதே முறை.

பாதுகாப்பும் சோதனையும்

பழுதுநீக்குவதாகக் கூறித் தொலைபேசியில் அழைக்கும் அறியாதவர்களுக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியை அளித்தல் கூடாது. கழிக்கும் வட்டில் நம் நிதி விவரங்கள் எஞ்சியிருக்கும். அவற்றை முற்றிலும் அழித்த பின்னரே கைமாற்ற வேண்டும்.

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்பது நன்கறியப்பட்ட நெறி. அதனுடன் ஒரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்வோம்: மாதம் ஒருமுறை காப்புநகலிலிருந்து ஒரு கணக்குக் கோப்பை மீட்டு, திறந்து, நிலுவைத் தொகை சரியாக உள்ளதா எனப் பார்ப்போம். மீட்டுப் பார்த்த நகலே நம்பத்தக்க நகல்.