பழைய டீசல் லாரியும் சேர்ப்புத் திரவமும்

நமது கிராமங்களில் விளையும் நெல்லும் கரும்பும் வாழைத்தாரும் ஆலைக்கும் சந்தைக்கும் சென்று சேர்வதற்குப் பழைய லாரிகள் பெரிதும் துணை செய்கின்றன. புது லாரி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஒருவர் 10, 12 ஆண்டுகள் ஓட்டி விற்ற வண்டியைக் கடன்பட்டு வாங்கி, அதைக் கொண்டே குடும்பம் நடத்துவோர் பலர் உளர். வண்டி சற்றே புகை கக்கினாலும், ஏற்றத்தில் இழுக்கத் திணறினாலும் அவர்கள் மனம் கலங்குகிறது. அவ்வேளையில் உதிரிப்பாகக் கடையில் ஒரு சிறு புட்டியை அவர்கள் கையில் கொடுக்கின்றனர். "இந்த அடிட்டிவை டீசலில் ஊற்றினால் போதும், புகை குறையும், இழுவை கூடும், டீசலும் மிச்சமாகும்" என்று கூறுகின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாமே பட்டறிந்த பாடம்

2018ஆம் ஆண்டுக் கோடையில், நாம் அப்போது பணியாற்றிய ஒன்றியத்தில் குடிநீர் வழங்கும் லாரி ஒன்று இருந்தது. 12 ஆண்டுகள் ஓடிய வண்டி. தை மாதத்திலேயே அது இடையிடையே விக்கி விக்கி ஓடத் தொடங்கிற்று. டீசல் தொட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று ஓட்டுநர் கூறினார். அதற்கு வண்டியை ஒரு நாள் நிறுத்த வேண்டும். நமக்கு அதற்கு மனம் வரவில்லை. கடைக்காரர் சொன்ன சேர்ப்புத் திரவத்தை வாங்க மாதந்தோறும் சீட்டில் கையொப்பமிட்டு வந்தோம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், தண்ணீர் நிரப்பிய வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் தண்ணீரும் துருவும் குழம்பாகத் தேங்கிக் கிடந்தன. அவை டீசல் பம்பினுள்ளும் சென்று அதன் உட்பாகங்களைக் கீறியிருந்தன. பம்பைச் செப்பனிட்டு வர மூன்று நாட்களாயின. அந்த மூன்று நாட்களும் இரண்டு குக்கிராமங்களின் பெண்கள் குடத்தோடு வயற்கிணறுகளைத் தேடி வெயிலில் நடந்தனர். தவறு ஓட்டுநருடையதன்று, நம்முடையது. ஒரு நாள் நிறுத்த மறுத்த நாம், மூன்று நாள் நிறுத்த நேர்ந்தது.

டீசல் செய்யும் இரு வேலைகள்

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கப் பொறிக்கட்டை இல்லை. சிலிண்டரினுள் காற்று மிகுந்த அழுத்தத்தால் சூடேறுகிறது. அச்சூட்டில் டீசல் பனித்துளி போலத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வாறு தெளிப்பது நாசில்; அதற்கு அழுத்தம் கொடுத்து அனுப்புவது பம்ப். பம்பினுள் ஏறி இறங்கும் உருளைக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் இராது. அவ்விடத்தில் உராய்வைத் தடுப்பது டீசலேயாகும். ஆகவே டீசல் எரிபொருளாகவும் மசகாகவும் இரு வேலைகளைச் செய்கிறது.

"இக்காலத்து டீசலில் வழவழப்பு இல்லை" என்று மூத்த ஓட்டுநர்கள் குறை கூறுவதுண்டு. அது முற்றிலும் கற்பனையன்று. காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு டீசலிலுள்ள கந்தகத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு என்றும், 2020 ஏப்ரல் முதல் 10 பங்கு என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பைத் தரும் சில இயற்கைப் பொருள்களும் உடன் நீங்கிவிடுகின்றன. ஆனால் இக்குறையை ஈடுசெய்ய வேண்டிய மசகுப் பொருளைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்து விடுகின்றனர். சோதனையில் டீசலில் உராயும் எஃகுக் குண்டின் தேய்மானத் தழும்பு 0.46 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எனவே நல்ல பங்க்கில் வாங்கிய தூய டீசல் பழைய லாரிக்கும் போதுமானது.

திரவங்களின் வகைகள்

சேர்ப்புத் திரவங்கள் யாவும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. நாசில் துளைகளில் படியும் கரியை மெல்லக் கரைப்பது ஒரு வகை. இது ஓரளவு பயன் தரும். ஆயினும் தேய்ந்துபோன நாசிலைப் புதிதாக்காது. டீசல் விரைவில் பற்றிக்கொள்ளச் செய்வது மற்றொரு வகை. பற்றும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண் 51க்குக் குறையலாகாது என்று நமது தர நிர்ணயமே கூறுவதால், இதன் தேவை சொற்பம்.

தொட்டியில் நீர் தங்கினால், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். அவற்றைக் கொல்லும் திரவமும் உண்டு. ஆனால் நீரை வடித்துவிட்டால் அவை வளர இடமே இராது. கடுங்குளிரில் டீசல் கெட்டிப்படாமல் காக்கும் வகை நமது ஊர்களுக்கு வேண்டுவதில்லை. லடாக் போன்ற பனிப் பிரதேசத்திற்கே 2019ஆம் ஆண்டில் தனியாகக் குளிர்காலத்து டீசல் விற்பனைக்கு வந்தது.

நீரை டீசலோடு கலந்துவிடும் திரவத்தில் எச்சரிக்கை வேண்டும். பிரிந்து நிற்கும் நீரைப் பில்டரின் அடியில் பிடித்து வடிக்கலாம். கலந்துவிட்ட நீரோ பில்டரைக் கடந்து பம்ப் வரை சென்றுவிடும்.

புகையின் நிறம் கூறுவது

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதியாகத் தெளிக்கப்படுகிறது என்று அறிய வேண்டும். முதலில் ஏர் பில்டரையும், பின்னர் நாசிலையும் பார்த்தல் நலம். நீலப்புகை, இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். பெரும்பாலும் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். இயந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது சிலிண்டரினுள் நீர் புகுகிறது எனலாம். இவற்றுள் நாசிலில் படிந்த கரியைத் தவிர மற்றவற்றைப் புட்டித் திரவம் தீர்க்காது.

கலக்கக் கூடாதவை

மண்ணெண்ணெய் விலை மலிவென்று டீசலில் கலப்பது பெருந்தவறு. அதற்கு வழவழப்புக் குறைவு. பம்பும் நாசிலும் விரைவில் தேயும். இது சட்டத்திற்கும் புறம்பானது. வடித்தெடுத்த பழைய இயந்திர எண்ணெயையும் ஊற்றலாகாது; அதிலுள்ள உலோகத் துகளும் கரியும் பம்பைக் கெடுக்கும்.

புதிய லாரிகள் பலவற்றில் புகையைத் தூய்மை செய்ய யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டி இருக்கும். அக்கரைசல் டீசலில் சேர்க்கும் திரவம் அன்று. பழைய வண்டிக்கு அது தேவையுமில்லை. தவறுதலாக டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் வண்டியைக் கிளப்பாமல் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தல் வேண்டும். நீர் கனமானதாகையால் அடியில் நிற்கும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடித்துத் திருகை இறுக்குக.

இரண்டாவது, மழைக்காலத்தில் மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தல் நலம். காலியிடம் மிகுந்தால், இரவுக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீராகப் படியும்.

மூன்றாவது, டிராக்டருக்காகப் பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் அதனை நிழலில் மூடி வைத்து, அடியிலுள்ள நான்கு விரல் அளவை விட்டு மேலிருந்தே எடுக்க வேண்டும். மெல்லிய வலையிட்ட புனலால் ஊற்றுக.

நான்காவது, டீசல் பில்டரை உரிய காலத்தில் மாற்றி, மாற்றிய பின் குழாயில் காற்று தங்காமல் வெளியேற்ற வேண்டும்.

இவை யாவும் செய்த பின்னரும் திரவத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், இரண்டு வகையை ஒன்றாகக் கலவாமல், சீட்டில் குறித்த அளவே ஊற்றுக. கணக்கும் வைக்க வேண்டும். 100 லிட்டருக்கு ஊற்றும் திரவத்தின் விலை 3 லிட்டர் டீசலின் விலைக்குச் சமம் என்று கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 100 லிட்டரில் 400க்குப் பதிலாக 412 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும். அதற்கு மேல் ஓடினால்தான் ஆதாயம். பாரம், பாதை, சக்கரக் காற்று இவற்றாலும் இவ்வளவு வேறுபாடு வரக்கூடும். ஆதலால் ஒரு மாதம் திரவத்தோடும், ஒரு மாதம் திரவமின்றியும், ஒரே பாதையில் ஒத்த பாரத்தோடு ஓட்டிக் குறித்தால்தான் உண்மை விளங்கும்.

முடிவாக, நல்ல திரவம் சிறு துணை செய்யலாம். பராமரிப்பின் இடத்தை அது நிரப்பாது. வடிகால் திருகைத் தளர்த்திப் பார்க்கக் காசு வேண்டுவதில்லை. காலையில் ஐந்து நிமிடமே வேண்டும். வண்டியின் நோயை முதலில் அறிந்து சொல்பவர் அதனை ஓட்டுபவரே. அவர் ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்று கூறினால், உரிமையாளரும் அலுவலரும் அதற்குச் செவி சாய்ப்போமாக.