டயரின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஐயா, கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்களுக்கு வயல். ஒடுக்கமான வாய்க்கால் பாலத்தால் கொண்டுபோக வேண்டியிருந்ததால், லேண்ட் மாஸ்டரின் (இரு சில்லு உழவு இயந்திரத்தின்) இரண்டு சில்லையும் கழற்றி, அந்தந்தப் பக்கத்திலேயே உள்வெளியாகத் திருப்பிப் பூட்டி அகலத்தைக் குறைத்தேன். அதற்குப் பிறகு சேற்றில் இறக்கினால் சில்லு சுற்றுகிறதே தவிர இயந்திரம் நகருதில்லை. டயர் முழுக்கச் சேறு அப்பிக்கொள்கிறது. பல் இன்னும் தேயவில்லை. டயர் தலைகீழாய்ப் போச்சு என்கிறார் மச்சான். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் என்கிறார் டயர் கடைக்காரர். யார் சொல்வது சரி? பின்னால் இழுத்துப் போகும் பெட்டியின் சில்லுக்கும் இது பொருந்துமா?
— படுவான்கரை வாசகர்

பதில்: வயலுக்குள் உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. தார் றோட்டில் கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அங்கே இறங்கிப் பிடிக்கவும் சேறில்லை, வழித்துத் தள்ளவும் சேறில்லை.

டயரின் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சாய்ந்து போகிற பற்களைப் பாருங்கள். முன்னோக்கி ஓடும்போது நடுவிலுள்ள கூர்முனைதான் முதலில் நிலத்தில் இறங்க வேண்டும், ஓரத்து நுனிகள் பிறகு. அப்படி இறங்கினால் பற்களுக்கிடையில் அகப்படும் சேறு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு வெளியே விழும். அடுத்த சுற்றுக்குப் பல் சுத்தமாய்க் கீழே வரும். மாறிப் பூட்டினால் ஓரங்கள் முந்தி இறங்கிச் சேற்றை நடுவுக்குக் கூட்டும். போக வழியில்லாத சேறு அங்கேயே இறுகும். பிறகென்ன, பல்லுள்ள டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். சரியாகப் பூட்டிய சில்லுகூடப் பின்னுக்கு எடுக்கும்போது பிடி குறைவதும் இதனால்தான்.

டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது தேய்ந்து போயிருந்தால் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று டயரைப் பாருங்கள்: பற்களின் கூர்முனை மேல்நோக்கி இருந்தால் சரி. ஈரமண்ணில் ஓட்டிப் பார்த்தும் அறியலாம். பதிந்த தடத்தில் கூர்முனை, நீங்கள் போகும் பக்கத்தை அல்ல, வந்த பக்கத்தைக் காட்ட வேண்டும். பலர் இதை மாறி விளங்கிக்கொண்டு நல்ல டயரையும் கழற்றிப் போடுகிறார்கள்.

உங்களுக்கு நடந்தது இதுதான்: சில்லை அதே பக்கத்தில் திருப்பிப் பூட்டினால் அகலம் குறையும், கூடவே பல்லின் திசையும் மாறிவிடும். இதைச் சரிசெய்யக் கடைக்குப் போகத் தேவையில்லை, டயரை றிம்மிலிருந்து கழற்றவும் வேண்டாம். இயந்திரத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, அசையாமல் முட்டுக் கொடுத்து, இடச் சில்லை வலப்பக்கமும் வலச் சில்லை இடப்பக்கமும் போடுங்கள். றிம்மின் எந்தப் பக்கம் இப்போது வெளியே பார்க்கிறதோ அதுவே வெளியே பார்க்கட்டும். ஒடுக்கம் அப்படியே இருக்கும், கூர்முனை மட்டும் நேராகிவிடும். நட்டுகளை ஒரு நாள் வேலைக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள்.

ஆனால் திசை சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பல்லின் உயரமும் காற்றும் அதே அளவுக்கு முக்கியம். பெரிய உழவு இயந்திர டயர்களில் ஆர்-1, ஆர்-2 என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆர்-1 பொது வேலைக்கு. ஆர்-2 நெல், கரும்பு வயல்களுக்கு. அதன் பல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம். அதைத் தார் றோட்டில் ஓட்டினால் விரைவாகத் தேயும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடப்பது இலகுவாகிவிட்டது. அப்படிக் கடந்து, வயலைவிட றோட்டில் கூடுதலாக ஓடுகிற இயந்திரத்துக்கு ஆர்-2 வீண் செலவு என்பேன்.

காற்றைப் பொறுத்தவரை, றோட்டுக்கு வைத்த அளவோடு வயலில் இறங்காதீர்கள். இயந்திரத்தின் கைநூலில் வயலுக்கென்று தந்திருக்கும் அளவுக்குக் குறைத்தால் டயர் நீளமாகப் படிந்து கூடுதல் பற்கள் மண்ணைப் பிடிக்கும். கல்லடி, முகத்துவாரம் பக்கத்து மணலில் பல்லைவிட இதுதான் கைகொடுக்கும். மணலில் உயர்ந்த பல் வேகமாய்ச் சுழன்றால் குழி தோண்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

உழவு இயந்திரம் ஒன்று காற்றடைத்த டயரோடு விற்பனைக்கு வந்ததே 1932இல்தான்; அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் டயரைப் பூட்டி விற்றது. அதற்கு முன் இரும்புச் சில்லுகளே. ஆழச் சேற்றுக்கு இன்றும் கூடு போன்ற இரும்புச் சில்லைத்தான் நம்புகிறோம். அதன் சட்டங்கள் சாய்வாக இருந்தால் அதற்கும் இடம் வலம் உண்டு, மாறிப் போகாமல் பாருங்கள்.

புதைந்துவிட்டால் அக்சிலேட்டரை முறுக்காதீர்கள். சுற்றச் சுற்றப் பள்ளம் ஆழமாகும், சுவரும் வழுக்கும். கலப்பையைத் தூக்கி, பெட்டி இருந்தால் கழற்றி, சில்லுக்கு முன்னால் வைக்கோலோ பலகையோ போட்டு மெதுவாக எடுங்கள். பிடியில் உள்ள திருப்பும் கிளச்சை அழுத்த வேண்டாம். அழுத்திய பக்கச் சில்லுக்குச் சக்தி போகாது.

பெட்டிச் சில்லுக்கு இந்த விதி பொருந்தாது. அது தானாகச் சுற்றுவதில்லை, இழுபடுகிறது. சாதாரண கோடு டயரே அதற்குப் போதும். பழைய பல் டயரைத்தான் போடுவதென்றால், இயந்திரத்துக்கு எதிர்த்திசையில் பூட்டுங்கள். தேய்மானம் சற்றுக் குறையும்.