பம்பு தண்ணீரை இழுக்கிறதா?



விடுமுறையில் இரண்டு நாள் ஒரு தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்கு நடக்கும் வேலைகளுக்குக் கைகொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை போய் வாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடும் சூத்திரங்கள் வரப்பிலும் கிணற்று மேட்டிலும் நடமாடுவதைக் காண்பீர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஒரு பாடத்தை எனக்கே ஒரு விவசாயி சொல்லிக்கொடுத்த கதையை இப்போது கேளுங்கள்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சனி, ஞாயிறு. கோவைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு பெரியவரின் தோட்டத்துக்குப் பன்னிரண்டு மாணவர்களுடன் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலையே போய், வேப்ப மரத்தடியில் கூடாரங்களை அடித்துவிட்டோம். முக்கால் ஏக்கரில் தக்காளி, காய் பிடிக்கும் பருவம். களை எடுப்பதும், செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டுவதும்தான் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

இரவில் கேட்ட சத்தம்

இரவு பதினோரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. பெரியவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். சிறிது நேரத்தில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். கிணற்றுக்குள்ளிருந்து கரகரவென்று ஓர் ஓசை. பம்புக்குள் யாரோ ஒரு கை கூழாங்கற்களை அள்ளிப் போட்டுவிட்டது போல் இருந்தது. தொட்டியில் தண்ணீர் சிறிது கொட்டும், நிற்கும், மறுபடி துப்பும்.

இரண்டு பாய்ச்சல் ஏற்கெனவே தவறிவிட்டது என்றார் பெரியவர். பூ உதிரத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் அந்த வெள்ளாமையை மறந்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை கிணற்றைச் சுற்றி ஆலோசனைக் கூட்டம் நடந்தது. “மோட்டாருக்குச் சக்தி போதவில்லை. 5 குதிரைத் திறனை எடுத்துவிட்டு ஏழரை போடலாம்” என்றான் ஒரு மாணவன். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் தலையாட்டினேன். பெரியவர் சிரித்தார்.

“ஏனுங்க சார், பெரிய மோட்டார் போட்டாத் தண்ணி மேல வந்துருமுங்களா? மோட்டாருக்கு ஒண்ணுமில்லீங்க. தண்ணி கீழ போயிருச்சு. நாமளும் கீழ எறங்கோணுமுங்க.”

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஓர் ஆளை விட்டு அளந்தோம். கிணற்று மேட்டிலிருந்து பாறைத் திட்டில் இருக்கும் பம்பு வரை 9 மீட்டர். பம்பிலிருந்து நீர்மட்டம் வரை 8.5 மீட்டர். தை மாதத்தில் இந்த இரண்டாவது அளவு 5 மீட்டர் அளவில்தான் இருந்ததாம்.

மோட்டாருக்குச் சக்தி போதவில்லையா?

முதலில் மாணவன் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நல்ல நாளில் இந்தப் பம்பு வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் தரும் என்று கொள்வோம். 10 லிட்டர் என்பது 10 கிலோகிராம். அதை 17.5 மீட்டர் உயர்த்த ஒவ்வொரு வினாடியும் செய்ய வேண்டிய வேலை 10 × 9.8 × 17.5, அதாவது 1,715 ஜூல். ஆகவே தேவைப்படும் திறன் 1,715 வாட்.

ஒரு குதிரைத் திறன் 746 வாட். எனவே 5 குதிரைத் திறன் 3,730 வாட். தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! உராய்வுக்கும் பம்புக்குள் ஏற்படும் இழப்புக்கும் ஒரு பங்கு போனாலும் போதுமான சக்தி இருக்கிறது. அப்படியானால் குறை எங்கே?

இழுப்பது யார்?

நாம் எல்லோரும் “பம்பு தண்ணீரை இழுக்கிறது” என்று சொல்கிறோம். உண்மையில் தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுக்க முடியாது. பம்புக்குள் சுழலும் சக்கரம் தண்ணீரை வெளிப்புறம் வீசுகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பையோ காற்று மண்டலம் ஓயாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. பைப்புக்குள் அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். எனவே தண்ணீர் பைப்பில் ஏறுகிறது. அதாவது, நீர்மட்டத்திலிருந்து பம்பு வரை தண்ணீரைக் கொண்டுவருவது காற்று. பம்பிலிருந்து மேலே தள்ளுவதுதான் மோட்டாரின் வேலை.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு பம்பைப் பற்றிக் குறிப்பிடுகிறார். நீர்மட்டம் தாழ்ந்ததும் அது நின்றுபோயிற்று. பழுது பார்க்க வந்த தொழிலாளி, குறை பம்பில் இல்லை, தண்ணீர் மிகத் தாழ்ந்துவிட்டது, அந்நாட்டு அளவில் 18 முழத்துக்கு மேல் எந்தப் பம்பும் ஏற்றாது என்று சொன்னாராம். நம் பெரியவர் சொன்னதும் இதுதானே! நீர்த்தம்பம் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று கலிலியோ கருதினார். சரியான விடையை அவருடைய மாணவர் டாரிசெல்லி கண்டார். 1643-இல் பாதரசத்தைக் கொண்டு நடந்த அவரது சோதனையில், காற்றின் அழுத்தம் சுமார் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கி நின்றது. பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. 0.76 × 13.6 என்றால் 10.3 மீட்டர். காற்று தாங்கக்கூடிய தண்ணீரின் உயரம் அவ்வளவுதான். 5 குதிரைத் திறன் மோட்டாரானாலும் 500 குதிரைத் திறன் மோட்டாரானாலும் இந்த எல்லை மாறாது.

8.5 மீட்டரிலேயே ஏன் திணறுகிறது?

“10.3 மீட்டர் வரை வரலாமே, சார்?” என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று கழித்தல்கள் இருக்கின்றன.

ஒன்று, கோவைப் பகுதி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது பாஸ்கலின் யோசனைப்படி 1648-இல் பிரான்சு நாட்டு மலை ஒன்றில் நிரூபிக்கப்பட்ட செய்தி. இதில் ஏறத்தாழ அரை மீட்டர் போய்விடும்.

இரண்டு, அழுத்தம் மிகக் குறைந்தால் தண்ணீர் சூடேறாமலே கொதித்து ஆவியாகும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு இன்னும் 0.4 மீட்டர் அளவுக்குக் கழிக்க வேண்டும்.

மூன்று, புட்வால்விலும் பைப்பிலும் ஏற்படும் உராய்வு. அத்துடன், சக்கரத்தின் வாயில் தண்ணீர் நுழையும்போது கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தால்தான் பம்பு ஒழுங்காக வேலை செய்யும். எல்லாம் போகக் கையில் நிற்பது 7 மீட்டர் அளவுதான்.

இரவில் கேட்ட கூழாங்கல் ஓசை இப்போது புரிகிறதா? சக்கரத்தின் நடுவே அழுத்தம் மிகக் குறைந்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் அவை படபடவென்று நசுங்குகின்றன. ஒவ்வொரு குமிழும் ஒரு சிறு சுத்தியல் அடி. நாளடைவில் இரும்புச் சக்கரத்தையே அரித்துவிடும். இங்கே பெரிய மோட்டார் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் கூடியிருக்காது, குமிழ்கள்தான் கூடியிருக்கும். பெரியவரின் பணமும் போயிருக்கும்.

பம்பை இறக்கினோம்

திட்டுக்கு 3 மீட்டர் கீழே இன்னொரு திட்டு இருந்தது. முதலில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பெரியவர் தம் மடியில் வைத்துக்கொண்டார். பழக்கப்பட்ட இருவருடன் அவர் மட்டும் படி வழியே உள்ளே இறங்கினார். அந்தக் காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்த உருளை இன்னும் கிணற்று மேட்டில் இருந்தது. அதில் வடத்தைப் போட்டு, விளிம்பிலிருந்து தள்ளி நின்று, மாணவர்கள் வரிசையாகப் பிடித்துச் சிறிது சிறிதாக விட்டார்கள். கீழ்ப் பைப்பில் 3 மீட்டரைக் குறைத்து, மேல் பைப்பில் 3 மீட்டரைக் கூட்டினோம். பகல் முழுவதும் ஆயிற்று.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்பு கீழே 8.5, மேலே 9. இப்போது கீழே 5.5, மேலே 12. கூட்டினால் இரண்டும் 17.5 மீட்டர்தான்! தண்ணீரை உயர்த்தும் மொத்த உயரம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. காற்றால் முடியாத 3 மீட்டரை அதன் தோளிலிருந்து எடுத்து மோட்டாரின் தோளில் வைத்தோம், அவ்வளவே.

அன்றிரவு பம்பில் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டார்கள். (காற்று நிறைந்திருந்தால் சக்கரம் வீணே சுழலும். காற்று மிக லேசானது, அதை வீசுவதால் அழுத்தம் போதிய அளவு குறையாது.) கூழாங்கல் ஓசை இல்லை. பைப்பு நிறையத் தண்ணீர் கொட்டியது. இரவு இரண்டு மணி வரை மாணவர்கள் மடை திருப்பினார்கள்.

சூத்திரம் சொல்லாத செய்தி

பெரியவரின் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. “வருசா வருசம் நான் எறக்கறேனுங்க. தண்ணியும் எறங்குதுங்க” என்றார்.

நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் அதற்கு இந்த 10 மீட்டர் எல்லை கிடையாது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்தும் அது தண்ணீரைத் தள்ளிவிடும். ஆனால் எடுப்பதற்கு ஏற்பட்ட வசதி, ஊறுவதற்கு ஏற்பட்டதா? தண்ணீரை எப்படி மேலே கொண்டுவருவது என்பதை இயற்பியல் சொல்லும். இல்லாத தண்ணீரை அது உண்டாக்கித் தராது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை களைவெட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தோட்டத்து மூலையில் தூர்ந்து கிடந்த பண்ணைக் குட்டையிலும் அதன் வாய்க்காலிலும் மண் வெட்டினோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு பங்காவது அந்தக் குட்டையில் தங்கிக் கீழே இறங்கட்டுமே!

செய்து பாருங்கள்

1. ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் இரண்டு உறிஞ்சுகுழல்களை வைத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைக் குவளைக்கு வெளியிலும் விடுங்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் வராது. ஏன்?

2. ஏற்றத்துக்கும் கவலைக்கும் 10 மீட்டர் எல்லை உண்டா? காரணத்துடன் எழுதுங்கள்.

3. உங்கள் ஊர்க் கிணறு ஒன்றில் பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தூரத்தைப் பெரியவர்கள் துணையுடன், மேலிருந்தபடியே கயிற்றால் அளந்து மாதாமாதம் குறித்து வாருங்கள். ஒருபோதும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். ஆழ்கிணறுகளில் கரியமில வாயு தேங்கி நிற்கலாம்.

ஓராண்டு முடிந்ததும் அந்தக் குறிப்பைக் கிணற்றின் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த ஒன்றை நீங்களும், நீங்கள் கண்ட ஒன்றை அவரும் தெரிந்துகொள்வீர்கள்.