பின்பக்கம் பார்க்காதவர் கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோன அப்பாவோ அம்மாவோ ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த எந்தக் காகிதத்தையும் லேமினேஷன் கடைக்கு அனுப்பாதீர்கள். யார் அனுப்பப் போனாலும் வாசலில் நின்று மறியுங்கள். சண்டை வரும், வரட்டும். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அப்பா சேர்த்தது தீப்பெட்டி லேபிள். ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி, கடைசியில் விருதுநகர் என்று கரிசல் பூமியைச் சுற்றிச் சுற்றியே மாற்றல். தீப்பெட்டி பண்டல்கள் வேகன் வேகனாக வடக்கே போன காலம் அது. பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதில்லை. ஆனால் டீக்கடை வாசலில் காலிப் பெட்டி கிடந்தால் குனிந்துவிடுவார். "கவர்மென்ட் உத்தியோகம் பாக்குற மனுசன் தெருவுல குப்பை பொறுக்குறாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அம்மாவுக்குத் தெரியாமல் பெட்டியை வாங்கிக் கிண்ணத் தண்ணீரில் போடுகிற வேலை என்னுடையது. அண்ணன் அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

லேபிள் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். இப்போது வருவது அட்டைப் பெட்டி. படம் அட்டையிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. அப்போது பெட்டி மெல்லிய மரச்சீவலில் செய்தது. அதன்மேல் நீலத்தாளைச் சுற்றி, தலையில் சின்னப் படத்தாளை ஒட்டுவார்கள். அந்தப் படத்தாள்தான் லேபிள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை போட்டார்கள். அதற்கு முன்பு இங்கே எரிந்தவை பெரும்பாலும் சுவீடன் குச்சியும் ஜப்பான் குச்சியும்தான். ஜப்பானில் அச்சடித்த கிருஷ்ணர் லேபிள் ஒன்று அப்பாவிடம் இருந்தது. இந்த ஊர்ச் சந்தைக்காக அந்த ஊர்க்காரன் வரைந்த கிருஷ்ணர். கண் மட்டும் அந்த ஊர்க் கண்ணாக இருக்கும்.

சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன ஆலைகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும், ஆலைக்கு நாலு மார்க், மார்க்குக்கு ஒரு படம் என்று ஆனது. எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டுமே. அதனால் சாவி, சேவல், விளக்கு, கப்பல், புலி என்று சட்டென்று பிடிபடுகிற படங்கள். ஒரு புலி நன்றாக ஓடினால் அடுத்த மாதமே இன்னொரு ஆலையிலிருந்து இரண்டு புலி வரும். வாலை மேலே தூக்கிய புலி, வாலைக் கீழே போட்ட புலி, புலியென்று நினைத்து வரைந்த பூனை எல்லாம் வரும். எது மூலம், எது நகல் என்று அப்பாவும் நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. வங்காள எழுத்து, இந்தி எழுத்து போட்ட லேபிள்களும் உண்டு. சிவகாசியில் அச்சாகிச் சிவகாசிக் கடையில் கிடைக்காதவை. கிழிந்த பண்டலிலிருந்து கூட்ஸ் ஷெட்டில் உதிர்ந்தவை என்று அப்பா சொல்வார். நான் அதற்குமேல் கேட்டதில்லை.

இவை எல்லாம் முன்பக்கச் சமாச்சாரம். அப்பாவின் லேபிள்களில் பின்பக்கம்தான் விஷயமே. ஊறவைத்து, உரித்து, காயவைத்த பிறகு, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதுவார். எந்த ஊர், எந்த வருடம், யார் கொடுத்தது, அன்றைக்கு என்ன. "கடம்பூர். வண்டி லேட். போளிக் கடைக் குப்பை. 1968." "மணியாச்சி. நல்ல மழை. போர்ட்டர் தந்தது." அவர் டைரி எழுதியதில்லை, கடிதம் எழுதுவதற்கும் சோம்பல். ஐம்பது வருட வாழ்க்கையைத் தபால்தலை அளவுள்ள காகிதங்களின் முதுகில்தான் எழுதிவைத்தார். அது வீட்டில் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை என்று இன்று என்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. ஒரு லேபிளையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றாதவர்களுக்கு எதைச் சொல்வது?

2019இல் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்து நான் ஊருக்குக் கிளம்பும்போது அண்ணனிடம் கேட்டேன்: "லேபிள் பெட்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமாண்ணே?" "அப்பா ஞாபகமா வீட்டுலயே இருக்கட்டும்மா. எங்க ஓடிப் போகப் போகுது?" என்றார். துக்க வீட்டில் பெட்டிக்காகப் பேச்சை நீட்டுவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணன் இருப்பார், இதே வாக்கியத்தைச் சொல்வார். அப்போது அழகெல்லாம் பார்க்காதீர்கள்.

முதலாண்டு நினைவு நாளுக்குப் போனால், கூடத்துச் சுவர் முழுக்க அப்பா. நடுவில் மாலை போட்ட படம். இரண்டு பக்கமும் பளபளவென்று பெரிய பெரிய அட்டைகள். பெட்டிக்குள் ஆல்பத்தில் இருந்த லேபிள்களை எடுத்து, வண்ணம் பார்த்துப் பொறுக்கி, சார்ட் அட்டையில் ஃபெவிகால் தடவி வரிசையாக ஒட்டி, மொத்தத்தையும் லேமினேட் செய்துவிட்டார்கள். சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். ஓர் அட்டையில் லேபிள்களையே பூப்போல் அடுக்கியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் செல்போனில் படம் எடுத்தார்கள். "அப்பாவுக்கு இதவிட என்ன மரியாதை வேணும்" என்று சித்தப்பா கண்கலங்கினார். எனக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

நான் அழுததைப் பார்த்து அண்ணன் நெகிழ்ந்துபோய்த் தோளைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அந்தக் குப்பைக்கு இவ்வளவு செலவு பண்ணிருக்கேன், ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோணலையா ஒனக்கு?" குப்பை என்ற சொல்லை அம்மா சொல்லலாம். ஐம்பது வருடம் அந்தக் குப்பையைக் கூட்டி ஒதுக்கிவைத்தவள் அவள்.

லேமினேஷனில் நடப்பது இதுதான். பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் ஒரு பசைப் படலம் இருக்கும். சூட்டில் அது உருகிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் காகிதத்தின் மேல்தோலும் மையும் சேர்ந்தே வரும். தண்ணீரும் உள்ளே போகாது. அடியில் ஃபெவிகால் வேறு. அப்பா காலத்துப் பசை மைதாப் பசை, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரத்தில் விட்டுவிடும். இது காய்ந்தால் அப்படி விடாது. பழைய ஏடு, காகிதம் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஓர் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்பக்கத்தப் பலி கொடுத்தா பின்பக்கம் கொஞ்சம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்" என்றார். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தப்பித்தவை எவை தெரியுமா? அசிங்கமானவை. ஒற்றை நிறத்தில் அச்சானது, ஓரம் கிழிந்தது, எண்ணெய்க் கறை பட்டது, படமே இல்லாமல் எழுத்து மட்டும் உள்ளது. அண்ணனின் கலைக்கண்ணுக்கு எட்டாமல் பெட்டியின் அடியில் கிடந்த அவை இப்போது என்னிடம் இருக்கின்றன. பழைய கலால் தாள் பட்டைகளும் அதில் உண்டு. 1934இல் தீப்பெட்டிக்கு வரிச் சட்டம் வந்த பிறகு, வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டிய பட்டை அது. தீப்பெட்டியைத் திறந்தால் கிழிந்துவிடும் என்பதால் முழுசாகக் கிடைப்பதே அபூர்வம். வண்ணம் இல்லையென்று ஒதுக்கிவிட்டார்கள், புண்ணியவான்கள். ஒரு கிழிந்த சேவல் லேபிளின் முதுகில் "பாப்பா கொண்டுவந்தது. சாத்தூர், 1979" என்று இருக்கிறது. நான் கொடுத்த நினைவே எனக்கு இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் போவதற்குள் பெட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடுவதற்கு முன், அவர் வைத்திருந்த வரிசை அப்படியே தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி முதுகையும் எடுங்கள். அலுப்பான வேலைதான். வரிசையைச் "சரி" செய்யாதீர்கள். அப்பாவின் ஆல்பத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். காரணமே இல்லாவிட்டாலும் அது அவர் வைத்த இடம்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பெட்டியோடு கிடைத்த லேபிளை ஊறவைக்கும் முன், ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள்; பழைய சிவப்பும் ஊதாவும் சில சமயம் கரைந்து ஓடும், அவற்றைப் பெட்டியோடு விட்டுவிடுங்கள். காயவைக்கப் பழைய வேட்டித் துணி போதும், செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். ஆல்பத்தில் வைக்கப் பசையே கூடாது. பழைய கல்யாண ஆல்பங்களில் போட்டோவைப் பிடிக்கும் முக்கோண மூலை இருக்குமே, அதுபோல் நல்ல வெள்ளைத் தாளில் வெட்டிச் செருகுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். நெகிழும் பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் காகிதத்தோடு ஒட்டும். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும். ராமபாணப் பூச்சிக்குத் துணியில் வசம்பு கட்டி வைக்கிறேன், அப்பா செய்தது. எழுத வேண்டியிருந்தால் பென்சில் மட்டும்.

விலை கேட்டு ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார், துக்கம் விசாரிக்கிற சாக்கில். அவர் ஆல்பத்தைப் புரட்டிய வேகத்தைப் பார்த்தே நான் மூடிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பெரும்பாலான லேபிள்களுக்குப் பெரிய விலை கிடையாது. லட்சக்கணக்கில் அச்சடித்த காகிதம். காசுக்காக நான் ஆசைப்படுகிறேன் என்று அண்ணி சொன்னதாகக் காதில் விழுந்தது. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் தொகுப்பில் நான் இப்போது ஒரு லேபிள்கூடச் சேர்ப்பதில்லை. லேபிள் சேர்க்கும் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. விடுபட்டதைத் தேடிப் பிடித்து நிரப்புவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். அட்டைகளில் மாட்டிக்கொண்ட பல லேபிள்களின் இரட்டைகள் அப்பா மாற்றிக்கொள்வதற்காக வைத்திருந்த கவர்களில் இருக்கின்றன, முதுகில் எழுத்தில்லாமல். அவற்றை வெற்றிடங்களில் செருகினால் ஆல்பம் முழுசாகிவிடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் செருகவில்லை. காலி இடத்தில் ஒரு தாள் துண்டு வைத்து, அங்கே என்ன இருந்தது, முதுகில் என்ன எழுதியிருந்ததாக எனக்கு நினைவு என்று என் கையெழுத்தில் குறித்திருக்கிறேன். அவர் கையெழுத்தோடு என்னுடையது கலக்கக் கூடாது.

எனக்கென்று தனிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் அட்டைப் பெட்டிகள்தான். அப்பா அவற்றை மதிக்கவே மாட்டார், "லேபிளே இல்லாத பொட்டி என்ன பொட்டி" என்பார். 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது, பழைய விலை போட்டதையும் புதிய விலை போட்டதையும் ஒரே கடையில் வாங்கி வைத்தேன். 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்த செய்தி வந்த அன்று ஒரு பெட்டி. சென்னைக்குப் போனால் விம்கோ நகர் மெட்ரோவில் இறங்குவேன். அங்கே தீப்பெட்டி ஆலை நடத்திய கம்பெனியின் பெயர்தான் இன்று ரயில் நிலையத்தின் பெயர். போன தடவை நிலைய வாசல் டீக்கடையில் வாங்கியது சிவகாசிப் பெட்டி. அதன் உள்தட்டின் அடியில் எழுதினேன், பென்சிலால்: "விம்கோ நகர். டீ சுமார்."

அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, அப்பா தனக்குக் கிடைக்காத லேபிள்களைக் குறித்துவைத்த நீல அட்டை நோட்டு இன்னும் உங்கள் பீரோவில்தான் இருக்கிறது. மேல்தட்டில், ரேஷன் கார்டுக்குக் கீழே. கொரியர் செலவு என்னுடையது. கவரில் போட்டு அப்படியே அனுப்புங்கள், பைண்டிங்கூட வேண்டாம்.