கூடைக் கயிறும் வெயில்தடுப்புப் பூச்சும்

அன்புள்ள பேத்திக்கு,

கடைகளில் சன்ஸ்கிரீன் என்று விற்கப்படும் வெயில்தடுப்புப் பூச்சில் ‘இரசாயன’ வகை கதிரை உறிஞ்சுகிறது என்றும், ‘கனிம’ வகை தோலின் மேல் கண்ணாடி போல் நின்று அதைத் திருப்பி அனுப்புகிறது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதன் பின்பாதி பெரும்பாலும் தவறானது. கனிம வகையின் மூலப்பொருள்களான சிங்க் ஒட்சைட்டும் டைட்டானியம் டையொட்சைட்டும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்கையே தெறிக்கச் செய்கின்றன. அவை தடுக்கும் மற்றப் பங்கு, இரசாயன வகையில் நிகழ்வது போலவே, உறிஞ்சப்பட்டே அடங்குகிறது.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 இல் வெளியிட்ட முன்மொழிவு, இவ்விரு கனிமங்களை மட்டுமே பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்று, ஒக்சிபென்சோன், அவோபென்சோன் உள்ளிட்ட 12 இரசாயனப் பொருள்களுக்கு மேலும் தரவு கேட்டது. அவற்றுட் சில தோல்வழியே இரத்தத்தில் கலக்கின்றன என்பதை அந்நிர்வாகத்தின் ஆய்வாளர்களே அதே ஆண்டில் காட்டினர். கலப்பது என்பது தீங்கு நிறுவப்பட்டது என்று பொருள்படாது. ஆயினும் ஆண்டு முழுவதும் நாள்தோறும் பூசப்போகிறவருக்கு அது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியே.

இலங்கையின் யட்டியந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர் விடியலிலேயே தொடங்கி மரநிழலில் வேலை செய்வதால், அவருக்கு எந்தப் பூச்சைப் பூசுவது என்னும் கேள்வி பெரிதாக எழுவதில்லை. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறிக்கும் உன் தாயின் நிலை வேறு. கூடைக் கயிறு தலைமேல் செல்வதால் விளிம்புள்ள தொப்பியை அவர் அணிவது கடினம். தலைத்துண்டு உச்சியைக் காக்குமேயன்றிக் கன்னத்துக்கு நிழல் தராது. அப்பக்கத்து இரத்தினபுரியில் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் அந்த ஊரின் மேகமூட்டமும் புற ஊதாக் கதிரை முழுமையாக மறைப்பதில்லை.

கருநிறத் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதியாக இருப்பதால், வெள்ளையருக்குச் சொல்லப்படும் தோற்புற்று அச்சத்தை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டியதில்லை. இங்கு வருத்துவது மங்கு, அதாவது கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டு. அதைப் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வளர்க்கிறது. அவ்வொளியைச் சாதாரணப் பூச்சுகள், எந்த வகையாயினும், போதிய அளவு தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஒட்சைட்டு சேர்த்து மண்நிறமூட்டிய பூச்சாகும். வெறும் கனிமப் பூச்சு கருநிற முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் குறையும் இந்நிறத்தால் நீங்குகிறது. மேலும், வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும் தொல்லை இரசாயன வகையிலேயே கூடுதலாக உண்டு. இரு கைகளாலும் கொழுந்து பறிப்பவருக்குக் கண்ணைத் துடைக்க ஓய்ந்த கை ஏது?

விலையையும் கணக்கிட வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அரைத் தேக்கரண்டி தேவைப்படுவதால், காலையும் நண்பகலும் பூசினால் 50 மில்லிலீற்றர்க் குழாய் பத்து நாளில் தீரும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒரு தொழிலில் இது சிறு செலவன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று வெளுப்பூட்டும் பூச்சை அதற்குப் பதிலாக வாங்கிவிடக் கூடாது: அத்தகைய பூச்சுகள் பலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது.

எனவே, கையில் உள்ள பணம் உடை, பூச்சு இரண்டில் ஒன்றுக்கே போதுமென்றால், நீ முதலில் உன் தாய்க்கு நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், நெற்றிக்கு முன்னே இழுத்துக் கட்டக்கூடிய அகன்ற தலைத்துண்டும் வாங்கு. பூச்சுக்கும் போதுமென்றால், எஸ்பிஎஃப் என்னும் வெயில்தடுப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட, இரும்பு ஒட்சைட்டு கலந்த கனிமப் பூச்சை வாங்கு. பூசியபின் உன் தாய் விரல்களைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொழுந்தைத் தொட வேண்டும்.

ஆசிகளுடன்,
தாத்தா