‘அஷோர்’ என்னும் ஆங்கில வினையடை

ஆங்கிலக் கடற்கதைகளைப் பயிலும் மாணாக்கர் அடிக்கடி எதிர்ப்படும் வினையடை ‘அஷோர்’ என்பது. அகராதி அதற்குக் ‘கரையில்’ எனவும் ‘கரைக்கு’ எனவும் இரு பொருள் தரும். எவ்விடத்து எதனைக் கொள்வது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

‘ஷோர்’ என்பது கரை. அதன்முன் நிற்கும் ‘அ’, ‘ஒன்’ என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லின் தேய்ந்த வடிவம். இவ்வடை இருப்பையும் இயக்கத்தையும் ஒருங்கே உணர்த்த வல்லது. தமிழோ அவற்றை வேற்றுமையாற் பிரித்துக் காட்டும். ‘மாலுமி கரையில் இருக்கிறான்’ என்பதில் ஏழாம் வேற்றுமை; ‘மாலுமி கரைக்குச் சென்றான்’ என்பதில் நான்காம் வேற்றுமை. ஆதலின், உடன்வரும் வினையை நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

வேற்றுமையுருபு மட்டும் போதாத இடங்களும் உள. பயணி தானே இறங்கிச் செல்லின் ‘கரையேறினான்’ என்போம். அலை ஒரு மரத்துண்டைத் தள்ளிவரின் ‘கரையொதுங்கியது’ என்போம். கப்பல் நிலத்தில் மோதி நிற்பின் ‘கரைதட்டியது’ என்போம். இம்மூன்றிடத்தும் ஆங்கிலத்தில் ‘அஷோர்’ வரலாம். ஏறுதற்கு முயற்சி வேண்டும், ஒதுங்குதற்கு வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் வீதி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படும் எம் அலுவிகாரையை ஒட்டியே செல்கிறது. அம்மக்கள் ‘கேம் அஷோர்’ என ஓர் ஆங்கில நூல் கூறுமாயின் அதனை எவ்வாறு மொழிபெயர்ப்பது? ‘கரையொதுங்கினர்’ எனின், அவர் அலை எறிந்த பொருள்களாவர். ‘கரையேறினர்’ எனின், தாமே துணிந்து வந்த மாந்தராவர். பின்னதே உண்மை.

எனினும் தமிழில் ‘கரையேறுதல்’ என்பதற்குத் துன்பம் நீங்கி நிலைபெறுதல் என்னும் பொருளும் உண்டு. ‘கடனிலிருந்து கரையேறினான்’, ‘மகளைக் கரையேற்றினார்’ என்பன வழக்கு. ‘அஷோர்’ இப்பொருளைத் தராது. மன்னாரில் இறங்கியோரின் வழித்தோன்றல்கள் இப்பொருளிற் கரையேறுதல் எளிதாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஆகவே மாணாக்கர் ‘அஷோர்’ என்னும் சொல்லைக் காணுந்தோறும், இருந்தானா, ஏறினானா, எறியப்பட்டானா என முதலில் வினவுக. அதன் பின்னரே எழுதுகோலை எடுக்க.